கூட்டத்துக்குள் விழுந்த பந்து

கதவைத் திறந்தபோது மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்கார மூதாட்டி நின்றார். நெட்டையான, மெலிந்த உடம்பு. குடையை மடக்கி வாசலுக்கு வெளியே உதறினார். கால்மிதியில் சப்பாத்தை நன்றாகத் தேய்த்தார். பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பந்தை உதைச்ச ஆள் இருக்கிற வீடு இதுதானே?"

"மிஸ்டர் கோர்லியின்ர வீடு" என்றேன்.

"ஓம். அவர்தான்."

உள்ளே முன்னறையில் கோர்லி நாற்காலியில் இருந்தார். தொண்ணூறைத் தாண்டிய மனிதர். அன்று காலை நான் வந்த உடனேயே கழுத்துப்பட்டியை எடுத்து நீட்டிக் கட்டிவிடச் சொல்லியிருந்தார். ஒற்றைக் கையால் டை கட்ட முடியாது. அந்தக் குளிர்காலத்துக்கு முதல் தடவையாகக் காஸ் ஹீட்டரைப் போட்டிருந்தேன். அறை முழுவதும் தூசி எரிகிற மணம்.

"வந்திட்டாளா?" என்று அவர் உள்ளேயிருந்து கேட்டது வாசல்வரை கேட்டது.

மூதாட்டியின் கை குடைப்பிடியில் இறுகியது.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் லண்டன் குளிர்காலத்தைப் பற்றி எழுதியதை வாசித்த ஒரு வாசகி, நான் வேலை செய்த வீடுகளைப் பற்றியும் எழுதும்படி கேட்டிருந்தார். எழுதுவதென்றால் இந்த வீட்டில்தான் தொடங்க வேண்டும். இன்னொன்று. இவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம். அந்த ஆங்கிலம் என் காதில் இருக்கிறது, கையில் வருவது என் மன்னார்த் தமிழ். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாரை

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கவுன்சிலில் 'ஹோம் ஹெல்ப்' வேலை செய்துகொண்டிருந்தேன். தனியாக இருக்கிற வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் கூட்டித் துடைத்து, கடைக்குப் போய், ஒரு நேரச் சமையல் செய்து வைத்துவிட்டு வருகிற வேலை. கோர்லியின் பிளாட் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கிளைத்தெருவில் இருந்தது. என் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

முதல் நாள் அவருடைய இடது சட்டைக் கை தோளுக்குக் கீழே மடித்து ஊசி குத்தியிருப்பதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் வாளியை எடுத்தேன்.

"பார்க்கலாம், லவ். காசு கேக்க மாட்டன்" என்றார்.

ஈஸ்ட் ஹாமில் பஸ் கண்டக்டரிலிருந்து மரக்கறிக் கடைக்காரர்வரை எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்று கூப்பிடுகிற காலம் அது. வந்த புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. கோர்லி கூப்பிடத் தொடங்கிய பிறகு பழகிவிட்டது.

சுவரில் ஒரேயொரு படம். கையில்லாத பெனியன் மாதிரி ஒரு சட்டையை மார்பில் கயிறு போட்டுக் கட்டிய இளந்தாரிகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். பின் வரிசையில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நின்றவர் கோர்லி. எங்களூர் உதைபந்தாட்டம் என்று நினைத்து, என் தம்பியும் விளையாடுகிறவன் என்றேன்.

அவர் சிரித்தார். இது ஆஸ்திரேலியாவில், மெல்பேர்ன் பக்கத்தில் விளையாடுகிற வேறு ஒரு ஆட்டமாம். மைதானம் வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, முட்டை வடிவம். பந்தும் அப்படித்தான். அவர் கையால் காட்டிய அளவைப் பார்த்தால் எனக்கு ஒரு பப்பாக்காய்தான் ஞாபகம் வந்தது. காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். உயரப் போகிற பந்தைப் பிடிக்க எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பலாம். அதில் கோர்லி பேர்போனவர். எழும்பி நிற்கிற விதத்தைப் பார்த்துச் சனம் அவருக்கு 'நாரை' என்று பட்டம் வைத்திருந்தது.

தாயில்லாத பிள்ளை. ஆடு மேய்க்கிற ஊரொன்றிலிருந்து பதினேழு, பதினெட்டு வயதில் மெல்பேர்னுக்கு வந்து தோல் பதனிடுகிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கும் ஒரு தொழில் இருந்தது. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் சேர்ந்த நாற்றம் குளித்தாலும் போகாதாம். டிராமில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போய்விடுவார்.

"சனிக்கிழமையில மட்டும் என்ர மணம் ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார். "சனிக்கிழமையில என்னைத் தொட்டுப் பார்க்க வருவாங்கள்."

இடைவேளை

ஒரு நாள் நான் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோதுதான் மற்றக் கதையைச் சொன்னார்.

முதலாம் உலகப் போர் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. கூட்டாளிகள் போகிறார்கள் என்று கோர்லியும் பேர் கொடுத்தார். கப்பல் ஏறுவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அதற்கிடையில் படைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்துக்குள் ஒரு குதிரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் சீருடையோடு அவரை ஏற்றி, பேசச் சொன்னார்கள்.

"எனக்குப் பேச வராது, லவ். ரெண்டு வசனம் சொல்லிப்போட்டு நிண்டன். சார்ஜன்ட் சொன்னான், உனக்கு வாய் இல்லாட்டிக் கால் இருக்குத்தானே, உதையடா எண்டு."

அப்படியே செய்தார்கள். கோர்லி வண்டியிலிருந்து பந்தைக் கூட்டத்துக்குள் உதைப்பார். பிடிக்கிறவன் வண்டியில் ஏறிப் படைக்குப் பேர் கொடுக்க வேண்டும். பிடித்தவனைச் சுற்றி நிற்கிற ஆயிரக்கணக்கான சனம் கைதட்டிக் கூவும். பொம்பிளைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எந்த இளந்தாரியால் பந்தைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியும்?

"எத்தினை பேர் வந்தவை?" என்று கேட்டேன்.

"வந்தாங்கள்."

"திரும்பி?"

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். நான் கத்தியை வைத்தேன். உருளைக்கிழங்கைத் தண்ணீருக்குள் போட்டேன். இன்றைக்கு நேரத்தோடு போகவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும். என் தம்பி அன்ரன் மன்னாரில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன். அப்போது நான் லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்துக்கு இயக்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். நன்றாகப் பேசினாராம். கேட்டவர்களில் சிலர் அந்தக் கிழமையே போனார்கள். அன்ரனும் போனான். பிறகு, கடலில் போன ஒரு படகு திரும்பவில்லை என்று தகவல் வந்தது. அவ்வளவுதான். உடல் வரவில்லை.

பேசிய அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவரை வெறுப்பது கஷ்டம். அன்றைக்கு அவருக்கு ஒரு முகம் கிடைத்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குப் போய் என் கணவர் சேவியரிடம் சொன்னேன். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டன். வேற வீடு தரச் சொல்லிக் கேக்கப்போறன்."

"அந்தாள் உம்மடை தம்பியையே கூட்டிக்கொண்டு போனவர்?"

"உங்களுக்கு விளங்காது."

"விளங்குது ரஞ்சி. ஆனால் அந்தாளுக்கு ஒரு கைதான் இருக்கு. நாளைக்கு ஆர் சாப்பாடு குடுக்கிறது?"

மேற்பார்வையாளரிடம் கேட்டேன். உடனடியாக மாற்ற ஏலாது, கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். ஆகவே போனேன். பேசாமல் கூட்டினேன், பேசாமல் சமைத்தேன். அவர் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்னோட கோவம், லவ்."

அன்ரனைப் பற்றிச் சொன்னேன். நின்றுகொண்டே, கையில் துடைப்பத்தோடு சொன்னேன். அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"பேசின அந்த ஆளைக் கண்டால், அவனிட்டை என்ன கேப்பாய்?"

அன்றிலிருந்து வேறு வீடு கேட்பதை விட்டுவிட்டேன். காரணம் எனக்கே சரியாக விளங்கவில்லை.

கோட்டுகளுக்குக் காவல்

முதல் சனிக்கிழமை, முதல் பந்தைப் பிடித்தவன் பெயர் டாம். அவனை மட்டும் கோர்லி பெயர் சொல்லிச் சொல்லுவார். மற்றவர்களைப் 'பொடியங்கள்' என்பார்.

டாம் விளையாட்டுக்காரன் இல்லை. ஒரு மரத்தளபாடக் கடையில் மேசைக் கால்களுக்கு மெருகு போடுகிறவன். கப்பலில் கோர்லியோடு ஒட்டிக்கொண்டான். இங்கிலாந்துக்கு வந்து, ஒரு பெரிய வெட்டவெளியில் கூடாரம் அடித்துப் பயிற்சி எடுத்தார்கள். சேறும் மழையுமாக மாதங்கள் போயின.

அப்போதுதான் லண்டனில் அந்த ஆட்டம் நடந்தது. ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, லண்டன் சனத்துக்குத் தங்கள் ஊர் ஆட்டத்தைக் காட்டினார்கள். கோர்லி அதில் ஆடினார். மெல்பேர்னில் ஒருவருக்கொருவர் எதிராக ஆடிய பேர்போன ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே மைதானத்தில். டாம் மைதானத்தின் ஓரத்தில் நின்று இவர்களுடைய பெரிய கோட்டுகளுக்கெல்லாம் காவல் இருந்தான்.

"பக்கத்தில நிண்ட ஒரு லண்டன் கனவான் டாமிட்டைக் கேட்டாராம், இதில ஆர் வெல்லுறது எண்டு எப்பிடித் தெரியும் எண்டு. டாம் சொன்னானாம், ஐயா எனக்கும் தெரியாது, எனக்குக் கோட்டுகளை மட்டும்தான் தெரியும் எண்டு."

இதைச் சொல்லும்போதெல்லாம் கோர்லிக்குச் சிரிப்பு வரும். அன்று ஆடியவர்களில் பலர் அடுத்த வருடம் உயிரோடு இல்லை.

அவர்கள் பிரான்சுக்குப் போனார்கள், பிறகு பெல்ஜியம். ஒரு கோடைகாலத்து விடியலில் கோர்லியின் இடது கை போனது. லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். இலையுதிர் காலத்தில் அடுத்த கட்டிலுக்கு வந்தவன் சொன்னான், டாம் சேற்றில் போய்விட்டான் என்று. எடுக்க முடியவில்லையாம்.

போர் முடிந்ததும் ஊருக்குக் கப்பல் கொடுத்தார்கள். கோர்லி போகவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்த நோரா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, துறைமுகத்து வாசல் கேற்றில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. நோராவும் போய்ப் பல காலம். ஊரிலிருந்து வருகிற கப்பல்கள் அந்த கேற்றுக்கு உள்ளேதான் நின்றன. ஒன்றில்கூட அவர் ஏறவில்லை.

"ஏன்?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"தெருவில நடந்தால் எந்த வீட்டுக் கதவு எப்ப திறக்கும் எண்டு தெரியாது, லவ். எந்தத் தாய் வெளியில வருவாள் எண்டு தெரியாது."

கிங்ஸ்பரியிலிருந்து ஒரு அழைப்பு

கதவு அவரைத் தேடி வந்தது.

மெல்பேர்னில் அவர் ஆடிய கழகத்தில் யாரோ பழைய ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர் லண்டனில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அங்கே பத்திரிகையிலும் போட்டுவிட்டார்கள். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலை நான் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"என்ர பேர் ஐரிஸ். டாமின்ர தங்கச்சி. மெல்பேர்னிலயிருந்து வந்து, இஞ்ச கிங்ஸ்பரியில மகள் வீட்டில நிக்கிறன். அவரைப் பார்க்கோணும்."

தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு கோர்லியிடம் சொன்னேன்.

"இல்லை எண்டு சொல்லு. செத்துப்போனான் எண்டு சொல்லு."

நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு தங்கச்சி காத்துக்கொண்டிருக்கிறார். நானும் ஒரு தமக்கை. அன்ரனின் பள்ளிக்கூடத்தில் பேசிய மனிதரின் தொலைபேசி இலக்கம் எனக்குக் கிடைத்து, அங்கே ஒருத்தி தொலைபேசியை எடுத்து ஆள் இல்லையென்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

"செவ்வாய்க்கிழமை காலமை வாங்கோ. நான் நிப்பன்" என்று சொல்லி விலாசத்தைக் கொடுத்தேன்.

கோர்லி கத்தினார். அந்த வயதில் அப்படி ஒரு குரல் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

"நீங்கள் பார்க்க விரும்பாட்டி, வாசலில வைச்சு நீங்களே அவவுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவர் கழுத்துப்பட்டியை நீட்டியபோது நான் கட்டிவிட்டேன்.

ஐரிஸ் கேட்ட கேள்வி

ஐரிஸ் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியின் நுனியில் இருந்தார். எண்பதை நெருங்கியவர். ஆனால் கோர்லியைப் பார்த்தபோது அந்த முகத்தில் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் பயம் இருந்தது. நான் தேநீரை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போகத் திரும்பினேன்.

"நில், லவ்" என்றார் கோர்லி.

நின்றேன்.

"அண்டைக்கு டாம் ஆட்டம் பார்க்க வர விரும்பேல்லை" என்றார் ஐரிஸ். "அவனுக்கு இதிலயெல்லாம் விருப்பம் இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுதனான். நாரையைப் பார்க்கோணும் எண்டு. உங்களைத்தான்."

ஐரிஸ் தொடர்ந்தார்.

"வேலியில ஏறி நிண்டன். டாம் பக்கத்தில நிண்டு கடலைப் பையைப் பிரிச்சுக்கொண்டிருந்தான். வண்டியைப் பார்க்கவே இல்லை. பந்து என்ர முகத்துக்கு நேர வந்தது. நான் கத்தினன். அவன் கடலையைப் போட்டிட்டு, என்ர மூக்குக்கு முன்னால அதைப் பிடிச்சான். எனக்கு அடிபடக்கூடாதெண்டுதான் பிடிச்சவன். சனம் கூவினது. அவன் சிவந்துபோனான். பந்தை வைச்சுக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு நடந்து போனான்."

ஐரிஸ் தேநீரைத் தள்ளி வைத்தார்.

"அம்மா என்னை ஒரு நாளும் ஏசேல்லை. ஆனால் அதுக்குப் பிறகு என்ர தலையை அவ வாரி விடேல்லை. நான் அவ்வளவு தூரத்திலயிருந்து வந்தது ஒண்டு கேக்க. அந்தப் பந்து எனக்கு நேர வந்ததா? நான் அந்த இடத்தில நிக்காட்டி அவன் வீட்டை வந்திருப்பானா?"

கோர்லி ஐரிஸைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தினார். அவர் சீருடையில் எப்படி நின்றிருப்பார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"நீ நிண்டதே எனக்குத் தெரியாது" என்றார். "நான் அவனுக்குத்தான் உதைச்சனான்."

"என்ன?"

"வண்டியில ஏறின உடனேயே கண்டிட்டன். நெடுவல், நல்ல தோள். சார்ஜன்டுக்கு அப்பிடி ஒருத்தன் முதல்ல ஏற வேணும், பின்னால மற்றவங்கள் வருவாங்கள். நான் உதைச்சால் பந்து விரிச்ச கைலேஞ்சித் துணியிலயும் போய் விழும். அவன்ர கைக்குத்தான் வைச்சனான். நீ அண்டைக்குக் காய்ச்சலில படுத்திருந்தாலும் அவன்ர கைக்குத்தான் வந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை வந்திருந்தால் அடுத்த சனிக்கிழமை வைச்சிருப்பன்."

ஐரிஸ் எழும்பினார். குடையைத் தேடினார். அது வாசலில் இருந்தது.

"அவன் கடிதத்தில உங்களைக் கூட்டாளி எண்டெல்லோ எழுதினவன்."

"ஓம்."

"நீங்கள் மனுசனே இல்லை."

"ஓம்" என்றார் கோர்லி மறுபடியும்.

நான் வாசல்வரை போனேன். ஐரிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி இரும்புபோல் இருந்தது.

"கேட்டாய்தானே பிள்ளை? எனக்கு நேர வரேல்லை."

"கேட்டனான்."

"எனக்கு நேர வரேல்லை" என்று திரும்பவும் சொன்னார். மழை விட்டிருந்தது. குடையை மறந்துவிட்டுப் போனார். நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிப் போய்க் கொடுத்தபோது தெருமுனையில் நின்று வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார், தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் மாதிரி.

ஆறிப்போன தேநீர்

திரும்பி வந்தபோது கோர்லி கழுத்துப்பட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். அவிழ்த்துவிட்டேன்.

"அவள் தேத்தண்ணி குடிக்கேல்லை. கொண்டா, வீணாக்காதை."

கொடுத்தேன்.

"உண்மையிலயே பார்த்துத்தான் உதைச்சனீங்களோ?"

அவர் குடித்துவிட்டுக் கோப்பையை மடியில் வைத்தார்.

"மழை பெய்து பந்து கல்லு மாதிரி இருந்தது. வண்டில் ஆடிக்கொண்டிருந்தது. ராணுவச் சப்பாத்து. காலையிலயே ரெண்டு மிடறு விட்டிட்டன், பேசோணும் எண்ட பயத்தில. ஒரு கோயில் கோபுரத்தைக் காட்டி உதையெண்டாலும் எனக்கு அண்டைக்குப் பட்டிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு உதைச்சன்."

"அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"மெய்யைச் சொன்னால் என்ன ஆகும்? எனக்குத் தெரியாது, காத்துக் கொண்டுவந்தது எண்டு சொல்லுவன். அவள் வீட்டை போய், நான் நிண்டதாலதான் எண்டு சாகும்வரைக்கும் நினைப்பாள். அவளுக்கு ஒரு ஆள் தேவை. நான் இருக்கிறன்."

"அவ உங்களை மன்னிக்கத்தான் வந்திருப்பா."

"அப்பிடித்தான் நானும் நினைச்சன்" என்றார். "அதுதான் டை கட்டினனான்."

பிறகு முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் அசைந்தது. இருந்த ஒரு கையும் கோப்பையைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை. நான் கோப்பையை வாங்கினேன்.

கிறிஸ்மஸுக்குப் பிறகு, பனி கொட்டிய ஒரு கிழமையில் கோர்லி நித்திரையிலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நானும் சேவியரும், கவுன்சிலிலிருந்து ஒருவரும், கீழ்வீட்டுத் தம்பதியும் போனோம். கிங்ஸ்பரி வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்துச் சொல்லியிருந்தேன். ஐரிஸ் அதற்கு முதலே ஊருக்குத் திரும்பிவிட்டதாக மகள் சொன்னார். "அம்மா அந்த மனுசனைப் பற்றிக் கதைக்கவே விடமாட்டா. ஆனால் அங்கயிருந்து வந்த நாள் தொடக்கம் நல்லாய் நித்திரை கொண்டவ" என்றார்.

மண்டபத்துத் தொலைபேசி

அம்மா இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

அந்த நாட்களில் அம்மாவும் சித்தியும் படகில் இந்தியாவுக்குப் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கேயுள்ள பங்குச் சுவாமியாரின் அறைத் தொலைபேசிக்கு நான் எடுப்பேன். எடுத்தால் அம்மா ஒரே கதைக்குத்தான் வருவார்.

அன்ரன் போன அன்று காலை அம்மா அவனை ஏசியிருந்தார். பெரிய ஏச்சில்லை. எந்த வீட்டிலும் எந்தத் தாயும் சொல்லுவதுதான். "தின்னுறதுக்கு மட்டும்தான் வீட்டை வாறாய்" என்று சொல்லியிருக்கிறார். அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனான். அன்றிலிருந்து அம்மா காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவாமியார் சொல்லியும் கேட்கவில்லை. 'ரெண்டு இடியப்பம், மிச்சம் வைச்சிட்டுப் போனவன்' என்று எனக்கு லண்டனுக்குச் சொல்லிச் சொல்லி, அந்தக் கோப்பையை நானும் கண்டதுபோல் ஆகிவிட்டது.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தேன். அப்படி இல்லை அம்மா, அவன் கூட்டத்தில் பேச்சைக் கேட்டுத்தான் போனவன், எல்லாப் பிள்ளைகளும்தானே போனார்கள் என்று. எல்லாம் மெய். ஒன்றும் உதவவில்லை.

கோர்லியின் அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். அம்மா வந்தார். அதே கதை தொடங்கியது.

"அம்மா, நீங்கள் ஏசினதால அவன் போகேல்லை."

"உனக்கென்ன தெரியும்? நீ அங்கை இருந்தனியே?"

"எனக்குத் தெரியும். நான் லண்டனுக்கு வெளிக்கிட முதலே அன்ரன் எனக்குச் சொன்னவன், இயக்கத்துக்குப் போகப்போறன் எண்டு."

தொலைபேசியில் கடல் இரைவதுபோல் ஒரு சத்தம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த தூரத்தின் சத்தம்.

"சொன்னவனோ?"

"ஓம். நான் பெட்டி அடுக்கேக்குள்ளை. உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவன்."

"அப்ப எல்லாம் முடிவெடுத்துப்போட்டுத்தான் இருந்தவனோ?"

"ஓம் அம்மா. அண்டைக்கு நீங்கள் கொஞ்சி முத்தம் குடுத்திருந்தாலும் போயிருப்பான்."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. பிறகு அந்தக் குரல் வந்தது. நான் பிறந்த நாள் தொடக்கம் கேட்டிராத குரல்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவன்ர காலைக் கட்டிப்போட்டிருப்பனேடி. சத்தியமாம் சத்தியம்! பாவி, என்ர பிள்ளையை நீயெல்லோ கொண்டனி!"

அழுதார். அன்ரன் போன பிறகு அம்மா வாய்விட்டு அழுததை நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். கேட்டுக்கொண்டே நின்றேன். அந்தப் பக்கத்தில் யாரோ தொலைபேசியை வாங்கி வைத்தார்கள். அடுக்களையிலிருந்து வந்த சேவியர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு மாதக்கணக்காக அம்மா தொலைபேசிக்கு வரவில்லை. சித்திதான் வருவார். அம்மாவுக்குச் சுகமோ என்று கேட்பேன், சுகம் என்பார். கதைக்கச் சொல்லுங்கோ என்பேன், மாட்டாவாம் என்பார். வைத்துவிடுவேன். அன்ரன் சொன்னான் என்று நான் சொன்ன பொய்யைத் திரும்ப எடுக்கலாமா என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் எடுக்காமல் விட்டேன்.

ஒரு ஞாயிறு சித்தி வைக்கப் போகிற நேரத்தில், "பொறு ரஞ்சி" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா உன்ர பேரை எடுத்தாலே எழும்பிப் போறா. அது தானாய் ஆறும், நீ யோசிக்காதை. ஆனால் ஒண்டு சொல்லோணும். இப்ப காலமையில சாப்பிடத் துவங்கியிருக்கிறா. நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. தானாய்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தவ. இண்டைக்கு ரெண்டு இட்டலி."



"என்னத்தோட சாப்பிட்டவ?" என்று கேட்டேன்.

"சம்பலோட" என்றார் சித்தி.